முப்பது லிட்டர் எண்ணெயும் நம் உரைநடையும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு காலை, கோணிப்பையில் சுற்றிய ஒரு ஹைட்ராலிக் பம்பைத் தூக்கிக்கொண்டு கிண்டி ரயில் நிலையத்தில் இறங்கினேன். தமிழ் இலக்கியம் கற்பித்துப் பிழைப்பவன் வழக்கமாகச் செய்கிற வேலையன்று அது. செய்யாறு வட்டாரத்தில் விவசாயம் பார்க்கும் என் பெரியப்பாவிடம் 1980களில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லவேண்டும். நாற்று பிடுங்கத் தயாராக நின்ற வாரத்தில், சேற்று வயலின் நடுவே, பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்க மறுத்து நின்றுவிட்டது. வாடகை வண்டி பிடித்து உழுததில் அந்தப் போகத்தின் லாபம் போயிற்று. பம்பைக் கழற்றிய உள்ளூர் மெக்கானிக், 'இதைச் சென்னையில்தான் பார்க்கவேண்டும்' என்று கையில் கொடுத்துவிட்டார்.

பழுதின் காரணம் பம்பு அன்று. ஒரு தமிழ் வாக்கியம்.

மிகை என்று தோன்றலாம். பெரியப்பா எண்ணெய் வாங்கிய இடத்தில் அவருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தார்கள். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அதில் இப்படி இருந்தது: 'செலுத்தகம் மற்றும் நீரியல் அமைப்பின் எண்ணெய் மட்டம் முறையாகப் பேணப்படுதல் வேண்டும். மாசுறின் மாற்றப்படுதல் நன்று.' பெரியப்பா பத்தாம் வகுப்பு வரை படித்தவர், நாளிதழை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து அவருக்கு விளங்கியது 'மட்டம்' என்ற ஒரு சொல். ஆகவே மட்டத்தைப் பேணினார். அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பதும், குறைந்திருந்தால் கடைக்காரர் கொடுத்த கியர் எண்ணெயை மேலே ஊற்றுவதுமாக இரண்டு போகம் ஓட்டினார். கம்பியில் ஒட்டியிருந்த எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார். 'மாசு' என்றால் மண், தூசு என்பது அவர் அறிந்த பொருள். பாலின் நிறம் எப்படி மாசாகும்?

கிண்டித் தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில், பம்புகளும் ஜாக்கிகளும் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். பம்பைப் பிரித்து, உள்ளே தேங்கியிருந்த வெளிறிய குழம்பை விரலால் தொட்டுக் காட்டினார். அவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்:

'பாலாயிடுச்சு பாருங்க சார். எண்ணெயில தண்ணி கலந்தா இப்படித்தான் ஆகும். சேத்துல ஓடுற வண்டி. கியர் கம்பிக்கு அடியில ஒரு ரப்பர் இருக்கும், அது கிழிஞ்சிருந்தா மழைத் தண்ணி அது வழியா எறங்கிடும். இல்லேன்னா சீல் போயிருக்கும். தண்ணி கலந்த எண்ணெய்க்கு வழவழப்பு கெடையாது, இரும்பும் இரும்பும் நேரா தேயும். உங்க பெரியப்பா மேலயே ஊத்திக்கிட்டு வந்திருக்காரு. ஊத்துனா தண்ணி போயிடுமா? புதுசும் சேந்துதான் கெடும். மொத்தத்தையும் வடிக்கணும்.'

என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சேனாவரையரின் உரைமுறையை விளக்குகிறேன். கூற்று, காரணம், எதிராளி எழுப்பக்கூடிய ஐயம், அதற்கு மறுப்பு, முடிபு. மேஸ்திரியின் பேச்சில் அந்த ஐந்தும் இருந்தன. 'ஊத்துனா தண்ணி போயிடுமா?' என்ற வினாவைப் போன்ற ஒன்றை எழுப்பாமல் நம் உரையாசிரியர்கள் எவரும் ஒரு நூற்பாவைக் கடந்து போனதில்லை. பிரசுரத்தின் வாக்கியத்தை எழுதியவருக்கு (அல்லது இப்போதெல்லாம் அதை மொழிபெயர்த்துத் தள்ளும் இயந்திரத்துக்கு) இப்படியொரு வினா எழக்கூடும் என்பதே தெரியாது.

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. அதே கிண்டியில், அந்தப் பட்டறையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு குளிரூட்டப்பட்ட அரங்கில் கலைச்சொல்லாக்கப் பட்டறை ஒன்றில் நான் கலந்துகொண்டிருந்தேன். (சுத்தியலும் உலையும் இல்லாத இடத்தைப் 'பட்டறை' என்று அழைக்க நமக்குக் கூச்சமே இருப்பதில்லை.) 'ஹைட்ராலிக்' என்ற ஒரு சொல்லுக்காக ஒரு பிற்பகல் முழுவதும் வாதிட்டோம். நீரியல் என்றார் ஒருவர். நீர்மவியல் என்றார் இன்னொருவர். பாய்மம் என்பதே பொருத்தம் என்றேன் நான். 'டிரான்ஸ்மிஷன்' வந்தபோது, முன்னால் கிடந்த பட்டியலில் 'கடத்தல்' என்று இருந்தது. பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. செலுத்தம் என்று திருத்தினோம். சான்றிதழும் தேநீரும் வாங்கிக்கொண்டு கலைந்தோம். பெரியப்பாவின் பிரசுரத்தில் இருந்த 'செலுத்தகம்', 'நீரியல்' இரண்டும் எங்களைப் போன்றோர் பெற்ற பிள்ளைகளே. அவை ஒரு டிராக்டரை நிறுத்திவிட்டன.

நீரியல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கிரேக்க மொழியில் நீரைக் குறிக்கும் வேரிலிருந்து ஹைட்ராலிக் பிறந்தது உண்மை. அழுத்தத்தைக் கடத்தும் கலையை முதலில் நீரைக் கொண்டு பயின்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. டிராக்டரின் ஹைட்ராலிக் அமைப்பிலோ ஒரு சொட்டு நீரும் இருக்கக்கூடாது. நீரே அதன் முதற்பகை. அதன் பெயரில் 'நீர்' என்று எழுதி உழவன் கையில் கொடுத்தோம். அயல்மொழியின் வேரைத் தோண்டியெடுத்துத் தமிழாக்கும் ஆர்வத்தில், பொருள் இன்று எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. போதாததற்கு, ஆறு, ஏரி, மழைநீர் பற்றிய துறைக்கும் அதே நீரியல் என்ற பெயரையே வழங்குகிறோம். கிண்டிப் பொறியியல் கல்லூரியோடு நெடுங்காலம் தொடர்புகொண்டிருந்த வா.செ. குழந்தைசாமி அந்த நீரியலில் அறிஞர், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிஞர். அவர் துறையையும் என் பெரியப்பாவின் டிராக்டர் பம்பையும் ஒரே சொல்லால் கட்டிப்போட்டது எந்தத் தமிழ்ப்பற்றில் சேரும்?

உழவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்? 'லிப்ட்' என்கிறார்கள். 'லிப்ட் தூக்கல', 'லிப்ட் தொங்குது', 'லிப்ட் வெட்டி வெட்டி ஏறுது'. மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். மேஸ்திரிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெயர் ஆங்கிலம், வினை தமிழ். அறிவு முழுவதும் அந்த வினையில் இருக்கிறது. நம் கலைச்சொல் பட்டியல்களோ பக்கம் பக்கமாகப் பெயர்ச்சொற்கள். வடி, கசி, உறிஞ்சு, திரி, இறுகு, நழுவு என்னும் வினைகளைத் தொகுத்த ஒரு பட்டியலையாவது நான் கண்டதில்லை. காரணம் எளியது. வினைகளுக்கு ஆங்கிலத்தின் கடன் தேவைப்படவில்லை, ஆகவே அங்கே நம் புலமையைக் காட்ட இடமில்லை.

நான் கலைச்சொல்லுக்கு எதிரி அல்லேன். 'தொழிற்பேட்டை' என்பதே எவ்வளவு நல்ல சொல்! பேட்டை என்பது சந்தையும் தொழிலும் கூடிய ஊர்ப்பகுதிக்கு மக்கள் வழங்கிய பெயர். அதன் முன்னால் 'தொழில்' என்று சேர்த்தவுடன் பேருந்து நடத்துநர் முதல் அமைச்சர் வரை வாயில் நுழைந்துவிட்டது. 1958இல் தொடங்கப்பட்ட அந்தக் கிண்டித் தொழிற்பேட்டைக்கு இருக்கும் பெயரோ திரு.வி.க. பெயர். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், அதை விட்டு இதழாசிரியரானவர், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது உடன் நின்றவர். ஆலைத் தொழிலாளியிடம் கூலியையும் உரிமையையும் தமிழில் எடுத்துச் சொல்லவேண்டிய தேவை அவருடைய நடையின் உலைக்களங்களில் ஒன்று. அவர் பெயர் தாங்கிய பலகையைக் கடந்து அன்று நான் பம்போடு நடந்தேன். உள்ளே ஓர் இயந்திரத்தைத் தமிழில் விளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எழுத அவர்களுக்கு நேரமில்லை. வெளியே எழுத நேரமுள்ள நாங்கள் இருக்கிறோம், எங்களுக்கு இயந்திரம் தெரியாது.

முன்னோர் முயலவில்லை என்று எவரும் சொல்லமுடியாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக ஆயிரக்கணக்கான பக்கங்களில் நூல்கள் ஆக்கினார். அவர் முழு வாக்கியங்களை எழுதவேண்டியிருந்தது, ஏனெனில் எதிரே மாணவன் இருந்தான், மாணவனுக்கு எதிரே நோயாளி இருந்தான். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை கொண்டுவந்தார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கிறீனுக்குப் பின் நாம் பெரும்பாலும் சொல்லைத் தேடினோம், வாக்கியத்தைக் கைவிட்டோம். 'மற்றும்' போட்டு இரண்டு பெயர்களை ஒட்டுவதையும், 'படுதல் வேண்டும்' என்று செய்பவனைக் காணாமலடிப்பதையும் அறிவியல் தமிழ் என்று ஏற்றுக்கொண்டோம். யார் மாற்றவேண்டும், எப்போது, எதைப் பார்த்து, மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்குக்கும் இடமில்லாத வாக்கியம் எழுவாயைத் தொலைத்ததோடு நிற்பதில்லை, பொறுப்பையும் தொலைத்துவிடுகிறது.

இதையெல்லாம் இலக்கிய நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, 'கையேடு எழுதுவது படைப்பாளியின் வேலையா?' என்று கேட்டார். நவீனத் தமிழ் உரைநடை அகமனத்தின் நுண்மைகளையெல்லாம் தொட்டுவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறவர் அவர். இருக்கலாம். ஆனால் கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபதை நாம் பாடமாக நடத்துகிறோம். கலப்பை, நுகத்தடி, கொழு என்று ஏரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடும் நூல் அது. மர ஏர் பாடுபொருளாகலாம், இரும்பு ஏர் ஆகாது என்பதற்கு எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது? நமக்குப் பழக்கமானது காளை. எண்ணெய்க் கறை பழக்கமில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

இத்தனைக்கும் அந்த இரும்பு ஏர் சாதாரணப் பொருளன்று. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் இணைக்கும் முறையை வகுத்தார். கலப்பை ஆழமாக இறங்கினால் மண்ணின் எதிர்ப்பு கூடும்; அந்த எதிர்ப்பு மேலிணைப்புக் கம்பியை முன்னோக்கித் தள்ளும்; கம்பி ஒரு வில்சுருளை அழுத்த, பம்பின் வழி திறந்து, கலப்பை தானே சற்று மேலே ஏறும். உழவன் கை வைக்கவேண்டாம். மேழியை எவ்வளவு அழுத்துவது என்று ஏர் பிடிக்கும் கை அறிந்திருந்ததை எண்ணெயும் வில்சுருளும் அறிந்துகொண்டன. 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் இந்த வழிவந்த டிராக்டர்களைச் சென்னைச் செம்பியத்தில் செய்யத் தொடங்கியது. நம் ஊர்ச் சிவப்பு டிராக்டர்களில் பலவற்றின் பிறப்பிடம் அதுதான். இதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை வேண்டுமென்று நான் எத்தனை முறை நினைத்திருப்பேன்? பம்பு கையில் கனக்கும்வரை ஒருமுறைகூட இல்லை.

'இப்போது யூடியூபில் எல்லாம் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. தமிழ் மெக்கானிக்குகள் தம் பேச்சுமொழியில் எடுத்துப் போடும் காணொளிகள், நம் கல்லூரிகள் நடத்திய கருத்தரங்குகள் அனைத்தையும்விட அதிகமாக உழவருக்கு உதவியிருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காணொளி அவர் பிரிக்கும் வண்டியைக் காட்டும். என் வண்டியில் எத்தனையாவது திருகு என்பதை, எண்ணெய் பிசுக்கோடு நிற்கும் நேரத்தில், ஒரு வரியில் திரும்பப் பார்க்க எழுத்துதான் வேண்டும். எழுத்தும் வேண்டும், அது அந்தப் பேச்சைப்போல் இருக்கவும் வேண்டும்.

ஆகவே நானே எழுதிப் பார்த்தேன். மேஸ்திரியின் பட்டறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் இரண்டு முறை அடித்துத் திருத்தியபின் நின்ற வடிவம் இது:

'இந்த வண்டியில் கியருக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய். பம்பு அந்த எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. ஆகவே எண்ணெய் கெட்டால் இரண்டும் கெடும். கம்பியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். மேலே ஊற்றாதீர்கள், முழுவதும் வடியுங்கள். வடிப்பதற்குமுன் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வெளியேறும். சமதரையில் நிறுத்தி, லிப்டை முழுவதும் இறக்கி, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் ஒருபோதும் கை நீட்டாதீர்கள். அடியில் உள்ள வடிதிருகு ஒன்றல்ல, எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் மற்ற அறையில் பழைய எண்ணெய் தங்கும். திருகில் மாவுபோல் இரும்புப் பொடி ஒட்டியிருந்தால் அது தேய்மானம், பயப்படவேண்டாம். சில்லுச் சில்லாக இருந்தால் பல் உடைந்திருக்கிறது, மெக்கானிக்கை அழையுங்கள். பம்புக்கு முன்னால் உள்ள சல்லடையைக் கழுவுங்கள். புது வாஷர் போட்டுத் திருகுகளை இறுக்குங்கள். ஏறத்தாழ 30 லிட்டர் பிடிக்கும். கம்பியில் உள்ள கோடுவரை நிதானமாக ஊற்றுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு லிப்டைப் பத்துமுறை ஏற்றி இறக்குங்கள். இறக்கி, அணைத்து, மறுபடி அளந்து, குறைந்ததை ஊற்றுங்கள். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் வண்டியை மீண்டும் சேற்றில் இறக்காதீர்கள்.'

அவருடைய முதல் திருத்தம் சூட்டைப் பற்றியது. வண்டியை ஓட்டுங்கள் என்று நான் எழுதியிருந்தேனே தவிர ஏன் என்று எழுதவில்லை. 'ஏன்னு சொல்லலேன்னா யாரும் செய்யமாட்டாங்க சார்' என்றார். இரண்டாவது, எண்ணெயின் எண்ணைப் பற்றியது. கியர் எண்ணெயில் 90 என்பதும் இன்ஜின் எண்ணெயில் 40, 50 என்பதும் வெவ்வேறு அளவுகோல்கள். 90 என்பது 40ஐப்போல் இருமடங்கு தடிப்பு அன்று; ஏறக்குறைய 40க்கும் 50க்கும் பக்கத்தில் வரும். இது எனக்குப் புதிய செய்தி. எண்ணைப் பார்த்துப் பயந்தோ மயங்கியோ வாங்காமல், வண்டியோடு வந்த புத்தகம் எந்த வகையைச் சொல்கிறதோ அதையே கேட்டு வாங்கவேண்டும் என்று சேர்க்கச் சொன்னார். பல்லில் ஒட்டிநிற்கவும் வேண்டும், பம்பு உறிஞ்சும்படி ஓடவும் வேண்டும். கியருக்கென்றே செய்த எண்ணெய்கள் சிலவற்றில் கலக்கும் மருந்து பம்பின் பித்தளையை அரிக்கும் என்றும் சொன்னார். கடைக்காரர் பெரியப்பாவிடம் கொடுத்த தகரம் எந்த வகை என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.

இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒரே இரவில் எழுதி அனுப்பியவன் நான். அங்கே வாக்கியம் தவறினால் எவருடைய வயலும் காய்வதில்லை.

பம்பு சரியாகி ஊருக்குப் போயிற்று. தாளை வாட்ஸப்பில் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் முழுவதையும் எனக்கே உரக்க வாசித்துக் காட்டினார், எங்கும் தடுக்கவில்லை. கடைசியில் கேட்டார்: 'எல்லாம் சரிப்பா. வடிச்ச முப்பது லிட்டரை எங்க ஊத்தறதுன்னு எழுதலியே. கெணத்து மேட்டுலயா?'

கழிவு எண்ணெயைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் ஊரிலிருந்து அப்படி ஒருவரிடம் போய்ச் சேரும் வழியைச் சொல்லும் வாக்கியம் என்னிடம் இல்லை. தகரத்தில் பிடித்து மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை மீண்டும் கிண்டிக்குப் போகிறேன்.